முப்பத்தெட்டாம் பக்கம்

"வணக்கம் மேடம். நீங்க பாத்து நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும்" என்று அந்தக் குரல் சொன்னதும் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது.

முகம் என்றால் ஏழு வருடத்தில் மறந்து போகலாம். தாடி வைத்துக்கொண்டு ஏமாற்றலாம். அவளுக்கு முகம் என்ற ஒன்றே கிடையாது. நாலு வயதில் ஒரு காய்ச்சல் கண்களைக் கொண்டு போனதிலிருந்து அவளுக்கு மனிதர்கள் என்றால் குரல்தான். இந்தக் குரல் வெண்ணெய் தடவிய குரல். ஏழு வருடத்துக்கு முன் தொலைபேசியில் ஒரே ஒரு முறை கேட்டது, அதுவும் பத்து நிமிடம்கூட இல்லை. அன்றைக்கே அவனுக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்தாள். வைக்கும்போது அது வெறும் பட்டப்பெயர்தான். ஒரு மாதத்துக்குள் வசவாகிவிட்டது.

அவன் அவளை அடையாளம் காணவில்லை. எப்படிக் காண்பான்? மிதித்தவனுக்கு எந்த எறும்பு என்று நினைவிருக்குமா என்ன?

"உக்காருங்க சார்" என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்காமல் பேசத்தான் அவளுக்குப் பதினோரு வருடம் சம்பளம் கொடுத்திருந்தார்கள்.

அவள் இப்போது வேலை பார்ப்பது ஒரு சோதனை அலுவலகத்தில். மூன்றாவது மாடி, லிஃப்டை விட்டு இறங்கி இடப்பக்கம் பதினான்கு எட்டு. எந்தத் துறையாக இருந்தாலும் தன் ஊழியர்களுக்குக் கணினிப் பாடம் வாங்குவதற்கு முன்னால் அது இந்த அலுவலகத்துக்கு வர வேண்டும். கண் தெரியாதவர்கள், காது கேட்காதவர்கள், கை சொன்னபடி கேட்காதவர்கள் எல்லாரும் அந்தப் பாடத்தைத் தாமாகவே படித்து முடிக்க முடிகிறதா என்று அப்படிப்பட்டவர்களே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பாடம் விலை போகாது. வெண்ணெய் கொண்டுவந்திருந்தது ஒரு பெரிய துறைக்கான தீப் பாதுகாப்புப் பாடம். மொத்தம் நாற்பத்திரண்டு பக்கம். பாடத்தை முடிக்காத ஊழியருக்கு அலுவலகக் கதவு திறக்காது.

கதவு திறக்காமல் போவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் இருந்தவள் அவள். காதுதான் சோறு போட்டது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு கிசுகிசுத்தவர்கள், பேச்சு வராமல் மூச்சு மட்டும் விட்டவர்கள் எல்லாரும் அவள் காதுக்குத்தான் வருவார்கள். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தை வைத்தே "பாத்ரூம்ல விழுந்துட்டாங்களா?" என்று கேட்பாள். பக்கத்து மேஜைக்காரிக்கு அலுவலகமே வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. மணி அடிக்கும் முன்னே போனை எடுப்பாள், கேள்வி முடியும் முன்னே பதில் சொல்வாள். அக்கா அக்கா என்று இவளைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

ஒரு வருடம், ஊழியர்கள் எல்லாரும் தீப் பாதுகாப்புப் பாடத்தைக் கணினியில் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவள் மாமியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் என்பது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அவள் வைத்த பெயர். ஓயாமல் பேசும், குறுக்கே பேச விடாது, நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லும். ஒரு பக்கத்தில் அந்த மாமியாரே திக்குமுக்காடிப் போனாள். நான்கு வகைத் தீயணைப்பான்கள், நான்கு வகைத் தீ. எந்தத் தீக்கு எந்த அணைப்பானோ அதை மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் போட வேண்டும். மாமியார் சொன்னதெல்லாம் "படம். படம். படம். படம்." விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் ஒன்றும் அசையவில்லை.

பாடத்தின் அடியில் உதவிக்கு ஓர் எண் இருந்தது. அழைத்தாள். வெண்ணெய் எடுத்தான்.

"இதுக்குப் போயி கவலைப்படலாமா மேடம்? யாராவது பக்கத்துல உக்காந்து கிளிக் பண்ணச் சொல்லுங்க. கடைசியில 'நானே முடிச்சேன்'னு ஒரு கேள்வி வரும், 'ஆம்'னு போட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

எந்தத் தீக்கு எது என்று சொன்னது அவள். கிளிக் செய்த கை முந்திரியுடையது. மூன்றே வாரத்தில் கேமரா பதிவை யாரோ பார்த்து, தேர்வில் ஆள்மாறாட்டம் என்று விசாரணை வைத்தார்கள். பாடம் செய்த நிறுவனம்தான் இப்படிச் செய்யச் சொன்னது என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நிறுவனத்தைக் கேட்டார்கள். "அப்படி எந்த ஆலோசனையும் எங்கள் தரப்பில் வழங்கப்படவில்லை" என்று வெண்ணெய் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். ஒரே ஒரு வரி. அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவள் வாசலில் அட்டையை வைத்தபோது, பதினோரு வருடம் 'டிங்' என்று திறந்த கதவு 'டொட் டொட்' என்றது. தினமும் "வாங்கக்கா" என்கிற காவலாளி "மேடம், கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார். அரை மணி நேரம் அந்த ஓரத்தில் நின்றாள்.

முந்திரிக்கும் வேலை போயிற்று. அவளுக்கு அப்போது கைக்குழந்தை. ஒரே ஒரு தடவை பேசினாள். "நல்லது செய்யப்போயி நான் திருடின்னு பேர் எடுத்துட்டேன்க்கா. இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க." மணி அடிக்கும் முன்னே எடுக்கிறவள், அதற்குப் பிறகு எத்தனை மணி அடித்தும் எடுக்கவில்லை.

ஆள்மாறாட்டம் என்ற அந்தச் சொல் இரண்டு பேருடைய பணிப் பதிவேட்டிலும் இன்னும் இருக்கிறது. அவள் மூன்று தடவை மேல்முறையீடு செய்தாள். புதிய சான்று இல்லை என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார்கள். புதிய சான்றுக்கு எங்கே போவது? சொன்னது அவன் வாய். அந்த வாய்தான் மறுபடி சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் வெங்காயத்தை நறுக்கிய வேகத்தைக் கேட்டே புருஷனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு அசையாதவர், இவள் மௌனத்துக்கு மட்டும் பயப்படுவார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி கடிச்ச பாம்பும்மா. இன்னுமா விஷம் ஏறுது?"

"ஏறலைங்க. இறங்கவே இல்ல."

"பேசாம இந்தப் பாடத்த வேற யாருகிட்டயாவது தள்ளிவிட்டுடேன்."

"தள்ளிவிடறதா? கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்து நிக்குது."

"அவனையா தெய்வம்ங்கறே?"

"கும்பிடறதுக்குன்னு யாரு சொன்னா?" என்றாள். கத்தி பலகையில் டக்கென்று விழுந்தது. அவர் கத்தியை வாங்கிக்கொண்டு மிச்சத்தை நறுக்கினார்.

ஒரு விஷயத்தில் அவள் ஒழுங்காக இருந்தாள். சோதனையாளர் நிரப்பும் படிவத்தில் 'பாடம் தயாரித்தவரை முன்பே அறிவீர்களா?' என்று ஒரு கேள்வி உண்டு. 'ஆம். ஏழு வருடத்துக்கு முன் ஒரு முறை தொலைபேசியில் பேசியிருக்கிறேன். அதனால் என் வேலை போயிற்று' என்று எழுதினாள். பாடத்தை வாங்கப்போகிற துறையின் அதிகாரி அம்மா அதன்கீழ் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். படித்தால்தானே? படிவத்தை யார் படிக்கிறார்கள்.

மறுநாள் சோதனை தொடங்கியது. அவளோடு உட்கார்ந்தவர் ஒரு பழைய அச்சகக்காரர். முப்பது வருடம் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று காது முழுக்கப் போனவர். அவளுக்குக் கண் இல்லை, அவருக்குக் காது இல்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்திலேயே அதிகம் வம்பு பேசுகிறவர்கள் அவர்கள் இருவரும்தான். அவர் தட்டச்சு செய்வார், மாமியார் அதை அவள் காதில் படிப்பாள். அவள் திருப்பித் தட்டுவாள், அவர் திரையில் படித்துவிட்டு மேஜை அதிரச் சிரிப்பார்.

பாடம் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைச் சொன்னது. படிக்கட்டுப் படம் வந்தால் "புகை சூழ்ந்த படிக்கட்டு, கைப்பிடி வலப்பக்கம்" என்று மாமியார் அழகாகச் சொன்னாள். வீடியோவில் பேச்சுக்குச் சரியாக எழுத்து ஓடுகிறது என்று அச்சகக்காரர் நூற்றுக்கு நூறு போட்டார். யாரோ ஒருவன் அக்கறையாக வேலை செய்திருக்கிறான். அது வெண்ணெயாக இருக்க முடியாது. இரண்டு நாள் அவள் குறை தேடினாள். பத்து, இருபது, முப்பது என்று பக்கங்கள் தாண்டத் தாண்ட அவளுக்கு வயிறு எரிந்தது. நல்ல பாடம் வந்தால் சந்தோஷப்பட வேண்டிய வேலையில் இருக்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் பொறுக்க முடியாமல், எல்லாம் சரியாக இருந்த ஒரு பட்டியலை எடுத்து 'படிக்க இயலவில்லை' என்று அறிக்கையில் எழுதினாள்.

அச்சகக்காரர் அவள் திரையைப் பார்த்துவிட்டார். மாமியார் அவள் காதில் படித்தாள்: "என்ன தங்கச்சி இது. இது நல்லாத்தானே இருக்கு."

'அவன்தான் அண்ணே அந்த ஆள்' என்று தட்டினாள்.

மாமியார் தன் வழக்கமான அலுப்புக் குரலில் சொன்னாள்: "அந்தப் பொறம்போக்கா. சரி. ஆனா பொய் எழுதினா அவன் ஒரே நிமிஷத்துல நிரூபிச்சுட்டு வெளிய போயிடுவான். உள்ள வெச்சுப் பூட்டணும்னா நிஜமான தப்பு வேணும். தேடு."

அந்த வரியை அழித்தாள். தேடினாள். முப்பத்தெட்டாம் பக்கம் வந்தது.

"தீயணைப்பான்" என்றாள் மாமியார். "தீயணைப்பான். தீயணைப்பான். தீயணைப்பான். தீ. தீ. தீ. தீ."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அதே பக்கம். அதே நான்கு அணைப்பான்கள், அதே நான்கு தீ. விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை. ஏழு வருடத்தில் முன்னேற்றம் என்னவென்றால் 'படம்' போய் 'தீயணைப்பான்' வந்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு கருவி உண்டு. விளக்கம் இருந்தால் பச்சைக் குறி போட்டுவிடும். நான்கு படத்துக்கும் ஒரே விளக்கம் எழுதினால் எது நுரை, எது தூள், எது தண்ணீர் என்று ஒருத்திக்கு எப்படித் தெரியும் என்று கருவி கேட்காது. மனிதர்தான் கேட்க வேண்டும். கண் உள்ள மனிதருக்கோ அது தோன்றாது, அவருக்குத்தான் படம் தெரிகிறதே.

கையேட்டைத் திறந்து தேடினாள். அடிக்குறிப்பில் இருந்தது: 'பார்வைக் குறைபாடு உடையோர் இப்பக்கத்தை உதவியாளர் துணையுடன் முடிக்கலாம்.' நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனாள். அதுவும் அப்படியே இருந்தது: 'இத்தேர்வை வேறு எவர் உதவியும் இன்றி நானே முடித்தேன். ஆம். இல்லை.' ஒரு கையால் உதவி வாங்கச் சொல்லி, மறு கையால் உதவி வாங்கியதற்குத் தண்டனை. அவள் விழுந்த அதே குழியை, மேலே புது மண் தூவி, இன்னும் ஆயிரக்கணக்கான பேருக்காகத் தோண்டி வைத்திருந்தான்.

'முப்பத்தெட்டாம் பக்கம் தேறவில்லை' என்று எழுதினால் போதும். ஒரு வாரத்தில் திருத்திக்கொண்டு வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெண்ணெய்ச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவான். அது திருத்தம், பழி இல்லை. அவளுக்குப் பழி வேண்டியிருந்தது. அதைச் சொல்ல அவள் கூச்சப்படவும் இல்லை.

அலுவலக விதியில் இருட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் தகராறு என்றால், தயாரித்தவரே வந்து, திரையை மூடிவிட்டு, மவுஸை விட்டுவிட்டு, காதையும் விசைப்பலகையையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை முடித்துக் காட்ட வேண்டும். வாங்கும் துறையின் அதிகாரி உடன் இருக்க வேண்டும். பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகும். வருடத்துக்கு ஒருமுறைகூட யாரும் அதைக் கேட்பதில்லை. அவள் கேட்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணி. கூட்ட அறையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, இன்ன தேதி, இன்னார் இன்னார் இருக்கிறார்கள், பேச்சு பதிவாகிறது என்று அவள் சொன்னாள். எல்லாரும் சரி என்றார்கள். வெண்ணெயின் சரிதான் எல்லாவற்றிலும் வழவழப்பாக இருந்தது. அவன் தன் மைத்துனனைக் கூட்டி வந்திருந்தான். பாடத்தைக் கணினியில் எழுதியவர் அந்த மைத்துனன்தான். நாற்பது வயதுக்காரர், மூச்சு விடுவதற்கே அனுமதி கேட்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். அக்கறை யாருடையது என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

மடிக்கணினித் திரைமேல் கறுப்புத் துணி போட்டார்கள். மற்றவர்கள் பார்ப்பதற்காக அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் படம் விழுந்தது. பயிற்சி பெறுபவர் என்ற இடத்தில் அவன் பெயரைப் போட்டார்கள். மேலதிகாரி என்ற இடத்தில் யாருடைய எண்ணைப் போடுவது?

"சும்மா சோதனைக்குத்தானேம்மா. உங்க நம்பரையே போட்டுக்கலாமா?" என்று அதிகாரி அம்மாவிடம் கேட்டாள்.

"போட்டுக்குங்க, போட்டுக்குங்க" என்றார் அவர். அவருக்கு இது முடிந்தால் வேறு கூட்டம் இருந்தது.

"ரெண்டு நிமிஷ வேலை மேடம்" என்றான் வெண்ணெய்.

மாமியார் தொடங்கினாள். "தீயணைப்பான். தீயணைப்பான். தீயணைப்பான். தீயணைப்பான்." அவன் விசைகளைத் தட்டினான். முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று. "தீ. தீ. தீயணைப்பான். தீ." ஒன்றரை நிமிடம் போயிற்று. "முதல் வாய்ப்பு முடிந்தது. மீதம் இரண்டு வாய்ப்புகள்."

"கொஞ்சம் பழக்கமில்ல, அதான்" என்று சிரித்தான்.

அவளுடைய ஒரு காதில் மட்டும் இயர்போன் இருந்தது. அதில், எதிரே உட்கார்ந்திருந்த அச்சகக்காரரின் செய்தி வந்தது: "நெத்தி வேர்க்குது தங்கச்சி. காலர் பொத்தான கழட்டறான்."

இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. விசைப்பலகை இப்போது அடி வாங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அம்மா நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். அப்போதுதான் வெண்ணெயின் கிசுகிசுப்பு வந்தது. உதடு அசைந்திருக்குமோ என்னவோ, மூச்சோடு மூச்சாக: "மச்சான், மவுஸு."

அந்த அறையில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கட்டிலுக்கு அடியிலிருந்து வந்த கிசுகிசுப்பில் வீட்டு எண்ணைப் பிடித்த காதுக்கு அது மேளச் சத்தம். மைத்துனனின் பை ஜிப் மெல்லத் திறந்தது. கால்சட்டைத் துணிமேல் ஏதோ நகர்ந்தது. டிக், சர்ர், டிக். நான்கு தடவை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சரியான விடை. வாழ்த்துகள்!" என்றாள் மாமியார்.

"முடிஞ்சுதும்மா" என்றான் அவன், அதிகாரி அம்மாவைப் பார்த்து. "சொன்னேன்ல, கஷ்டமே இல்ல."

"நீங்களா முடிச்சீங்க சார்?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா மேடம். வேற யாரு?"

"உங்க ரெண்டு கையும் கீபோர்டு மேல இருந்துது. மவுஸ் சத்தம் நாலு தடவ கேட்டுது."

காதில் மாமியார் சொன்னாள்: "நான் கைய நீட்டி மச்சான்காரன காட்டிட்டேன். கம்பியில்லாத மவுஸ் இன்னும் அவர் தொடை மேலதான் இருக்கு. பாவம், அழப்போறாரு."

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி அம்மா.

வெண்ணெய் உருக ஆரம்பித்தது. "அம்மா, இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நான் விளக்கமா சொல்லிடறேன்..."

அழைப்பு மையத்தில் எதிர்முனை பதறும்போது, பேச்சு நின்றுவிடாமல் இருக்க அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாத அதை இப்போது சொன்னாள், அதே மெத்தென்ற குரலில்: "சொல்லுங்க சார். நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

அவன் சொன்னான். "எங்க கையேட்டுலயே இருக்கு மேடம், உதவியாளர் வெச்சுக்கலாம்னு. கண்ணு தெரியாதவங்க போன் பண்ணா நானே சொல்லுவேன், யாராவது பக்கத்துல உக்காந்து கிளிக் பண்ணச் சொல்லுங்கன்னு. இன்னிக்கு நேத்து இல்ல, இந்தப் பக்கத்த செஞ்ச நாள்லேருந்து எட்டு வருஷமா எல்லா ஆபீசுக்கும் இதத்தான் சொல்லிட்டு வரேன். யாரும் ஒரு குறை சொன்னதில்ல."

"கடைசிக் கேள்விக்கு என்ன போடச் சொல்லுவீங்க?"

"'ஆம்'னுதான். அது சும்மா ஒரு சம்பிரதாயம் மேடம்."

தவளை தன் வாயால் கெட்டது. கருவியின் சின்ன மோட்டார் மேஜைமேல் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி இறங்கியது. ஏழு வருடம் கழித்து ஒரு வாய்த் தண்ணீர்.

"அப்ப அதையும் போட்டு முடிச்சிடுங்க சார்" என்றாள்.

நாற்பத்திரண்டாம் பக்கம். மாமியார் படித்தாள்: "இத்தேர்வை வேறு எவர் உதவியும் இன்றி நானே முடித்தேன். ஆம். இல்லை. அறுபது விநாடிகள் உள்ளன."

ஆம் என்றால் அதிகாரிக்கு முன்னால், ஒலிப்பதிவில், பொய். இல்லை என்றால் பாடத்தில் அவன் கணக்கு பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டைச் செய்தவனே அவன்தான். விரல் விசைமேல் வந்து வந்து விலகுகிற உராய்வு அவளுக்குக் கேட்டது. "நாற்பது விநாடிகள் உள்ளன." மைத்துனன் மெல்ல, "நான் அந்தப் பக்கத்த மாத்தணும்னு சொன்னேன் மேடம். பாக்க அழகா இருக்கு, அதுதான் விக்குது, தொடாதேன்னுட்டாரு" என்றார். "நீ சும்மா இருடா!" என்றான் வெண்ணெய். குரலில் வெண்ணெயின் வாசமே இல்லை. "பத்து விநாடிகள் உள்ளன."

அவன் எதையும் அழுத்தவில்லை. நேரம் முடிந்தது, கணினி அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது. அதிகாரி அம்மாவின் போன் 'டிங்' என்றது.

அவர் உரக்கப் படித்தார். "மேற்கண்ட பணியாளர்..."

"...கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சியைத் தாமாக முடிக்கவில்லை" என்று அவளும் கூடவே சொன்னாள். "இது ஆள்மாறாட்டமாகக் கருதப்படும். மறு உத்தரவு வரும் வரை அவரைப் பணியிடத்துக்குள் அனுமதிக்க வேண்டாம்."

அதிகாரி அம்மா படிப்பதை நிறுத்திவிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு எழுத்துகூட மாத்தலம்மா. ஏழு வருஷத்துக்கு முன்னாடி என் கணக்கப் பூட்டினப்ப வந்ததும் இதேதான். இவர் சொன்னபடி செஞ்சதுக்கு வந்துது. விசாரணையில கேட்டப்ப, அப்படி யாருக்கும் சொல்லலைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. படிவத்துல எழுதியிருக்கேன். கீழ உங்க கையெழுத்து இருக்கு."

காகிதம் புரளும் சத்தம். அதிகாரி அம்மா முதன்முறையாக அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆம்புலன்ஸ் ஆபீஸ்..." என்று வெண்ணெய் இழுத்தான்.

"வெளுத்துட்டான் தங்கச்சி" என்றாள் மாமியார். "எங்க அச்சகத்துல பேப்பர்கூட இவ்வளவு வெள்ளையா வந்ததில்ல."

அவன் துணியை விலக்கி மடிக்கணினியைத் தட்டினான், தட்டினான். அடுத்த வாரம் பத்து அலுவலகத்துக்குக் காட்ட வேண்டிய பாடம், அவன் பெயரிலேயே பூட்டிக் கிடந்தது. "மேடம், உள்ளயே போக முடியல. இத இப்ப எப்படித் திறக்கறது?" என்றான். பழக்கதோஷத்தில் அவளையே கேட்டான்.

அவள் எழுந்து நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள். ஏழு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை, அவன் சொன்ன அதே கனிவோடு சொன்னாள்.

"இதுக்குப் போயி கவலைப்படலாமா சார்? யாராவது பக்கத்துல உக்காந்து கிளிக் பண்ணச் சொல்லுங்க."

பாடம் அவனிடமிருந்து வாங்கப்படவில்லை. மற்ற அலுவலகங்களும் அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கின. அவள் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. மைத்துனன் தனியாகப் பிரிந்து, நான்கு அணைப்பானுக்கும் நான்கு விளக்கம் எழுதி, விசைப்பலகையாலேயே முடிக்கிற மாதிரி ஒரு பாடம் கொண்டுவந்தார். அதற்கு அவள் மனதாரக் கையெழுத்துப் போட்டாள். வெண்ணெயின் மனைவி ஒருநாள் போன் செய்து அழுதாள். பரிதாபம் வந்ததா என்று புருஷன் கேட்டார். வரவில்லை என்றாள். வராததை வந்ததாகச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

நான்காவது மேல்முறையீட்டுக்கு மூன்று மாதத்தில் பதில் வந்தது. புதிய சான்றின் அடிப்படையில், இரண்டு ஊழியர்களின் பதிவேட்டிலிருந்தும் ஆள்மாறாட்டம் என்ற சொல் நீக்கப்படுகிறது. மாமியாரை அந்த வரியை மட்டும் ஐந்து தடவை படிக்க வைத்தாள். முந்திரிக்கும் ஒரு நகல் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பழைய எண்ணை அழுத்தினாள்.

மணி அடிக்கவே இல்லை. அதற்குள் எடுத்துவிட்டாள்.

"அக்கா" என்றது குரல். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும்தான். மூச்சைப் படிக்க அவளுக்குத் தெரியும் என்பதால் அவசரப்படாமல் இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்திரிதான் முதலில் பேசினாள். "அவன் மூஞ்சி எப்படிக்கா இருந்துச்சு?"

"எனக்கென்னடி தெரியும்? வெளுத்துப் போச்சாம். ஆனா குரல் இருக்கு. கேக்கறியா?"

"போடுங்க."

ஒலிப்பதிவின் நகல் இருந்த கருவிக்குப் பக்கத்தில் போனை வைத்து ஓடவிட்டாள். 'ரெண்டு நிமிஷ வேலை மேடம்' என்று தொடங்கி, அறுபது விநாடி எண்ணி முடிகிற வரை இருவரும் கேட்டார்கள். முடிந்ததும் முந்திரி, "அந்தப் பத்து விநாடிய மட்டும் இன்னொரு தடவ போடுங்கக்கா" என்றாள். போட்டாள்.